கல்லூரி மாறிய ஆட்டக்காரர்கள்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

கல்வியும் விளையாட்டும் என்ற பொருளில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். பரந்த பொருளைப் பரக்கப் பேசுவதினும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதன் ஆழம் காண்பது இளைஞர்க்குப் பயன் தரும் என்று கருதினேன். அமெரிக்க நாட்டில் பேஸ்பால் ஆடும் கல்லூரி மாணவர் பலர், சேர்ந்த கல்லூரியை விட்டு வேறு கல்லூரிக்கு மாறிச் செல்கின்றனர். அவ்வாறு மாறியவர்கள் பின்னர் என்ன ஆனார்கள்? வாழ்ந்தார்களா, வழியில் நின்றார்களா? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்தி.

கடல் கடந்த நாட்டின் பந்தாட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். அந்தக் கதையில் முதற்கண் வரும் பெயரே, அடிமைகளாய் விற்கப்பட்ட மக்களின் வழித்தோன்றலாய், வீட்டுவேலை செய்து பிழைத்த ஒரு தாயின் மகனாய்ப் பிறந்தவனுடையது. ஆகவே சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன்.

பேஸ்பால் ஆட்டம் நம் கிரிக்கெட்டுக்கு ஒரு வகையில் உறவுடையது. அணிக்கு ஒன்பது பேர் ஆடுவர். ஒருவர் பந்து வீசுவார். எதிரணியில் ஒருவர் மட்டையால் அடிப்பார். அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். அமெரிக்காவில் இவ்வாட்டம் கல்லூரிகளோடு பின்னிப் பிணைந்தது. நன்றாக ஆடும் மாணவனுக்குக் கல்லூரி உதவித்தொகை தந்து சேர்த்துக்கொள்ளும். கல்லூரிகளில் இரு வகை உண்டு. பட்டம் தருவன நான்காண்டுக் கல்லூரிகள். குறைந்த கட்டணத்தில், உள்ளூர் மக்களுக்காக நடப்பன ஈராண்டுக் கல்லூரிகள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் ஈராண்டுக் கல்லூரியில் தொடங்கி, பிறகு நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவது நெடுங்கால வழக்கம். நம் நாட்டில் பாலிடெக்னிக் முடித்த மாணவன் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேர்வதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம்.

அவ்வழியே சென்றவர்தாம் ஜாக்கி ராபின்சன். ஜார்ஜியா மாநிலத்தில் 1919ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டு நீங்க, தாய் மாலி 1920இல் ஐந்து குழந்தைகளோடு கலிபோர்னியாவின் பசதீனா நகருக்கு வந்து, வீட்டுவேலை செய்து அவர்களை வளர்த்தார். மூத்த மகன்களுள் ஒருவர் மேக் ராபின்சன். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்சுக்கு அடுத்தவராய் வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர். அப்பதக்கத்தோடு ஊர் திரும்பிய அவருக்குப் பசதீனா நகரம் கொடுத்த வேலை என்ன தெரியுமா? தெருக்கூட்டும் வேலை! உலகமே கைதட்டிய கால்களுக்கு ஊர் கொடுத்த மதிப்பு அது. இதன் பொருளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

தமையனின் கதையைக் கண்ணாற் கண்ட தம்பி ஜாக்கி, பசதீனா ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேஸ்பாலில் அவர் புகழ் பரவியது. 1938இல் அவ்வட்டாரத்து ஈராண்டுக் கல்லூரிகளின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு 1939இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மாறிய பின் எப்படி ஆடினார்? கால்பந்தாட்டம், கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் ஆகிய நான்கிலும் அப்பல்கலைக்கழகத்தின் விருதுச் சின்னம் பெற்ற முதல் மாணவர் அவரே. ஆயினும் அந்நான்கனுள் அவர் மிகப் பின்தங்கியது பேஸ்பாலில்தான்! 1940ஆம் ஆண்டு அவருடைய அடி சராசரி .097. அதாவது நூறு முறை அடிக்க முயன்றால் பத்து முறைகூடப் பந்து பயன்பட விழவில்லை. நல்ல ஆட்டக்காரன் நூற்றுக்கு முப்பது முறை அடிப்பான் என்பது அவ்வாட்டத்தின் பொதுக் கணக்கு.

அந்த ஓராண்டுக் கணக்கை மட்டும் எடுத்து எடை போட்டிருந்தால், ‘இவன் கல்லூரி மாறிக் கெட்டான்’ என்று எவரும் தீர்ப்பு எழுதியிருப்பர். 1941இல், பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதே, அவர் படிப்பை நிறுத்தினார். கறுப்பின இளைஞனுக்கு எவ்வளவு படித்தாலும் தக்க வேலை கிட்டாது என்ற மனக்கசப்பும், தாயின் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமும் அவரை வெளியே தள்ளின. அக்காலத்தில் தொழில்முறைப் பேஸ்பாலின் உயர் அணிகள் கறுப்பின மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. நூற்றுக்கு ஐம்பது முறை அவர் அடித்திருந்தாலும் அந்தக் கதவு அன்று திறந்திராது.

ஆறாண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல் 15ஆம் நாள், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் உடையணிந்து அவர் களம் இறங்கினார். அந்தக் கதவு உடைந்தது. 1949இல் அவருடைய அடி சராசரி .342, தேசிய லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவ்வாண்டு அவருக்கே. .097 எடுத்த கையும் .342 எடுத்த கையும் ஒன்றேதான். இடையில் மாறியது என்ன? வயது முதிர்ந்தது, பயிற்சி முதிர்ந்தது. அவற்றோடு, முன்னே ஒரு வாயில் திறந்தது. ஆகவே கல்லூரி மாறிய ஒருவன் எப்படி ஆடினான் என்று கேட்பவர்கள், ஆடிய பின் அவன் போவதற்கு எந்த வழி திறந்திருந்தது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி மற்றொருவரைக் காண்போம். பெயர் கெர்பி பக்கெட். சிகாகோ நகரில் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாய் வளர்ந்தார். வறுமைக்கும் வன்முறைக்கும் பெயர்பெற்றிருந்த அடுக்குமாடிகள் அவை; பின்னாளில் இடித்துத் தள்ளப்பட்டன. பள்ளி முடித்தபோது எந்தக் கல்லூரியும் அவருக்கு உதவித்தொகை தர முன்வரவில்லை. உயரமும் ஐந்தடி எட்டு அங்குலமே. போர்டு மோட்டார் தொழிற்சாலையில் வேலைக்குச் சென்றார். பின்னர் இல்லினாய் மாநிலத்தின் பிராட்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஓராண்டு முடிந்ததும் அங்கிருந்து சிகாகோ அருகிலுள்ள டிரைடன் ஈராண்டுக் கல்லூரிக்கு மாறினார்.

நான்காண்டுப் பல்கலைக்கழகத்தை விட்டு ஈராண்டுக் கல்லூரிக்குச் செல்வதை ஊரார் இறக்கம் என்றே சொல்வர். ஆனால் விதியொன்று உண்டு. தொழில்முறைக் கழகங்கள் கல்லூரி மாணவரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். நான்காண்டுக் கல்லூரி மாணவன் மூன்றாண்டு முடிக்கும் வரையிலோ 21 வயது நிறையும் வரையிலோ அதற்குக் காத்திருக்க வேண்டும். ஈராண்டுக் கல்லூரி மாணவனுக்கு அந்தத் தடை இல்லை. 1982 ஜனவரித் தேர்வில் மின்னசோட்டா டுவின்ஸ் கழகம் பக்கெட்டை மூன்றாம் இடத்தில் எடுத்துக்கொண்டது. 1987, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அக்கழகம் வாகை சூடியபோது அவர் அதன் தூணாய் நின்றார். பேஸ்பால் புகழ் மண்டபத்தில் 2001இல் இடம் பெற்றார். பெயர்ப்பலகையின் உயரத்தைக் கொண்டு கல்லூரியை அளப்பது பிழை என்பதற்கு இவர் வாழ்வு சான்று.

இவர்கள் பழைய காலத்தவர். இன்றைய நிலை என்ன? அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டுகளை ஆள்வது என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். ஒரு காலத்தில் பேஸ்பால் மாணவன் ஒரு முறை, தன் கல்லூரி இசைந்தால், தடையின்றி மாறிப் புதிய இடத்தில் உடனே ஆடலாம். இதனால் ஆண்டுதோறும் மாணவர்கள் ஓடிக்கொண்டே இருந்தனர். பாடங்கள் பாதியில் நின்றன. பேஸ்பால் மாணவரின் படிப்புத் தேர்ச்சி தாழ்ந்திருப்பதைக் கண்ட சங்கம் 2008இல் அந்த வாயிலை மூடியது. நான்காண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவன் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்று விதித்தது.

மூடிய வாயில் பிறகு சிறுகச் சிறுகத் திறந்தது. 2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற பொதுப் பதிவேடு கணினி வழியே ஏற்பட்டது. மாற விரும்புபவன் பெயரைப் பதிந்தால், மற்றக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அவனோடு நேரே பேசலாம். 2021இல் ஒரு முறை மாறினால் உட்கார வேண்டுவதில்லை என்றாயிற்று. 2024இல் படிப்புத் தகுதி குறையாதிருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. பயிற்சியாளர் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம், மாணவன் மட்டும் கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்ற நேர்மையான கேள்விக்கு இது விடையாய் அமைந்தது.

இப்புதிய காலத்தின் ஒளிமிக்க எடுத்துக்காட்டு பால் ஸ்கீன்ஸ். அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஆடினார். பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். அக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் காலெடுத்து வைத்தால் படைப்பணி ஆற்றும் கடப்பாடு வந்து சேரும். அதற்கு முன் முடிவெடுத்து, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே மட்டையை ஒதுக்கி வைத்துப் பந்துவீச்சில் மட்டும் முழு மனத்தையும் செலுத்தினார். 2023ஆம் பருவத்தில் 209 பேரை அடிக்கவொட்டாமல் வெளியேற்றினார். அவ்வாண்டுக் கல்லூரி உலகத் தொடரின் அரையிறுதி நிலையில் வேக் பாரஸ்டுக்கு எதிரே எட்டு இன்னிங்ஸ் வரை ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. பதினோராம் இன்னிங்சில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தவர் டாமி ஒயிட். அவரும் முந்தின ஆண்டு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவரே! லூசியானா அணி பட்டம் வென்றது. அடுத்த மாதமே ஸ்கீன்ஸ் டிராஃப்டில் முதலாமவராக எடுக்கப்பட்டு, 92 இலட்சம் டாலர் ஒப்பந்தத் தொகை பெற்றார். 2025இல் தேசிய லீகின் சிறந்த பந்துவீச்சாளருக்குரிய சை யங் விருதும் அவரைச் சேர்ந்தது.

இத்தகைய செய்திகளைப் படிக்கும் இளைஞன் என்ன நினைப்பான்? ‘நானும் மாறினால் நானும் ஸ்கீன்ஸ்’ என்று நினைப்பான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். ஸ்கீன்ஸ் எப்படிப்பட்ட நிலையில் மாறினார் என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்த இடத்திலேயே தலைசிறந்தவராய் விளங்கினார். மாறுவதற்குத் தெளிவான காரணம் இருந்தது. போகும் இடம் அவரைக் கையேந்தி வரவேற்றது. இந்த மூன்றும் அமைந்தவர் எத்தனை பேர்?

அமையாதவர்களின் கதையைச் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை. அதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் பெயர் எழுதுவது எளிது. எழுதிய எல்லோர்க்கும் இடம் கிடைப்பதில்லை. பெயர் எழுதியவனுக்கு அந்தப் பருவத்தோடு உதவித்தொகையை நிறுத்திவிடப் பழைய கல்லூரிக்கு உரிமை உண்டு. அவன் விட்ட இடத்தில் வேறொருவனை அமர்த்திக்கொள்ளவும் உரிமை உண்டு. அக்கரையில் இடமில்லை என்று தெரிந்து திரும்பி வருபவனுக்கு இக்கரையிலும் இடமில்லை. இரு கரைக்கும் நடுவே நிற்பவன் கையில் என்ன இருக்கும்?

இடம் ஏன் குறைந்தது என்பதற்கும் காரணங்கள் உண்டு. தொழில்முறை டிராஃப்ட் 2019 வரை 40 சுற்றுகளாய் நடந்தது. கொரோனாப் பெருந்தொற்று வந்த 2020இல் ஐந்து சுற்றாகச் சுருங்கி, 160 பேரே எடுக்கப்பட்டனர். 2021 முதல் 20 சுற்றுகள். தொழில்முறைப் பயிற்சி அணிகளும் அவ்வாண்டில் 160இலிருந்து 120 ஆகக் குறைந்தன. பெருந்தொற்றால் பருவம் இழந்த மாணவர்களுக்கு இன்னோர் ஆண்டு ஆட இசைவும் தரப்பட்டது. போக வேண்டியவர்கள் போகாமல் தங்கினர். வர வேண்டியவர்கள் வாயிலில் நின்றனர். பயிற்சியாளர்களோ, பள்ளி முடித்து வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பொறுமையாய் வளர்ப்பதை விட, வேறு கல்லூரியில் முதிர்ந்து ஆடிக் காட்டிய இருபத்திரண்டு வயதுக்காரனை அழைத்துக்கொள்வதே மேல் என்று கருதலாயினர். ஒருவன் மாறி வந்து சிறக்கும்போது, அவன் வரவால் இடமிழந்த இன்னொருவனும் இருக்கிறான் என்பதை மறக்கலாகாது.

பணத்தின் நிலையையும் சொல்கிறேன். பல்லாண்டுக் காலம் முதற்பிரிவுக் கல்லூரி ஒன்று பேஸ்பாலுக்குத் தரக்கூடிய முழு உதவித்தொகைகள் 11.7 மட்டுமே. அதை 27 பேர் வரை பங்கிட்டனர். ஒருவனுக்குக் கால் பங்கு, மற்றொருவனுக்கு அரைப் பங்கு. மீதிக் கட்டணம் பெற்றோர் தலையில். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளில் உதவித்தொகை எண்ணிக்கைக்கு வரம்பு நீங்கியது. ஆனால் அணியில் 34 பேருக்கு மேல் இருக்கலாகாது என்ற வரம்பு வந்தது. முழு உதவி கிட்டாத ஆட்டமாய் நெடுங்காலம் இருந்ததே, அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்பாலில் கறுப்பின மாணவர் மிகச் சிலராய் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ராபின்சன் உடைத்த கதவு திறந்தே இருக்கிறது. அதன் படிக்கட்டில் ஏறக் காசு வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு படிப்பில் நேர்கிறது. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ‘கிரெடிட்’ என்னும் மதிப்பலகு உண்டு. போதிய அலகு சேர்ந்தால் பட்டம். ஒரு கல்லூரியில் பெற்ற அலகு எல்லாவற்றையும் மற்றொரு கல்லூரி ஏற்பதில்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், விளையாட்டு வீரர் மட்டுமல்லர், எல்லா மாணவரும், சராசரியாகத் தம் அலகுகளில் ஏறக்குறைய 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அது மதிப்பிட்டது. உழைத்துப் படித்ததில் பாதிக்குச் சற்றே குறைவு வீணாயிற்று! முதற்பிரிவில் ஆடும் மாணவன் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் பட்டப்படிப்பின் 40 விழுக்காட்டையும், நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் 60 விழுக்காட்டையும் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. அலகு இழந்தவன் அந்த எல்லையைத் தொட இயலாமல் தடுமாறுவான். விரும்பிய பாடத்தை விட்டு, அலகு ஒத்துப்போகும் பாடத்தை எடுப்பான். ஆட்டத்துக்காக மாறியவன் படிப்பையும் மாற்ற நேர்கிறது.

தம்பி தங்கையரே! மாறாதே என்று சொல்ல நான் வரவில்லை. ராபின்சன் மாறாதிருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தைக் கண்டிருக்க மாட்டார். பக்கெட் மாறாதிருந்தால் அவ்வளவு விரைவில் அழைப்பு வந்திராது. மாறுவது ஓர் உரிமை. அதைப் பயன்படுத்தும் முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இவர்கள் வாழ்விலிருந்து நான் கற்றது. முதலாவது: போகும் இடத்தில் எனக்கென்று இடம் உறுதியாகியுள்ளதா, வாய்ச்சொல் மட்டுமா? இரண்டாவது: இதுவரை படித்ததில் எவ்வளவு என்னோடு வரும்? அதை எழுத்தில் பெற்றேனா? மூன்றாவது: கட்டணத்தில் குறையும் பங்கை யார் கொடுப்பார்? நான்காவது: ஆட்டம் நாளையே நின்றுபோனால், முழங்கால் ஒடிந்தால், அந்தக் கல்லூரியில் நான் தங்கிப் படிக்க விரும்புவேனா? நான்காவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தவன் எங்கே மாறினாலும் கெட மாட்டான். கல்லூரியில் பேஸ்பால் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. அவர்களுக்கு எஞ்சுவது அவர்கள் பெற்ற கல்வியே.

ராபின்சன் கதையின் முடிவுரையைச் சொல்லி அமைகிறேன். அவர் பட்டம் பெறாமல் வெளியேறிய அதே பல்கலைக்கழகத்தில் அவர் சந்தித்த மாணவி ரேச்சல் ஐசம். செவிலியர் படிப்பில் சேர்ந்து, 1945இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு அவரை மணந்தார். 1972இல் ராபின்சன் மறைந்தார். அடுத்த ஆண்டே, 1973இல், ரேச்சல் அம்மையார் கணவர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். சிலை வைக்கவா? மைதானம் கட்டவா? சிறுபான்மை மக்களின் பிள்ளைகள் கல்லூரிப் படிப்பை முடிக்க உதவித்தொகை தரவும், அவர்களுக்கு வழிகாட்டிகளை அமர்த்தவும் நிறுவினார். ஆட்டத்தால் உலகப்புகழ் பெற்ற ஒருவரின் நினைவுக்கு, அவர் மனைவி தேர்ந்த மாலை பட்டப்படிப்பு! கணவர் விட்டுச்சென்ற படிக்கட்டில் பிறர் பிள்ளைகளை ஏற்றிவிட வேண்டும் என்று அந்த அம்மையார் எண்ணினார் போலும்.

நம் கழகம் 25 ஆண்டுகளாய் ஆற்றிவருவதும் இத்தகைய பணியே. ஒன்றை மட்டும் பணிவோடு வேண்டுவேன். சேரும் நாளில் கட்டணம் கட்ட உதவுகிறோம். தேறும் நாளில் பாராட்டுகிறோம். ஒரு நிறுவனத்தை விட்டு மறு நிறுவனத்துக்குப் போகும் இடைப்பட்ட நாட்களில்தான் நம் பிள்ளைகள் பலர் தவறிப் போகின்றனர். மாற்றுச் சான்றிதழுக்கும் விடுதி இடத்துக்கும் ஒரு பருவக் கட்டணத்துக்கும் அலையும் அந்நாட்களில் பக்கத்தில் நிற்கும் ஒரு கை வேண்டும். அந்தக் கையாகக் கழகம் விளங்கினால், மாறிச் சென்ற பிள்ளை மறைந்து போகமாட்டான். பட்டத்தோடு இந்த மேடைக்கு வந்து நிற்பான்.

வெள்ளி விழாக் கண்ட இக்கழகம் பொன்விழாவும் காண வேண்டும் என வாழ்த்துகிறேன்.